பேரண்டத்தின் பேரேடு: ஆதிகால நட்சத்திர மண்டலங்களில் இடிக்கும் கணக்கு

கொச்சி: மட்டாஞ்சேரி பஜார் சாலையின் பழைய பண்டகசாலைகளில் மிளகு வியாபாரம் செய்தவர்களுக்கு மூன்று கணக்குகள் அத்துப்படி. மலைத் தோட்டங்களில் கொடியில் நிற்கும் காய் எவ்வளவு என்பது முதல் கணக்கு. அன்றாடம் வந்து இறங்கும் மூட்டைகள் எத்தனை என்பது இரண்டாவது. கிடங்கில் சேர்ந்திருக்கும் இருப்பு எவ்வளவு என்பது மூன்றாவது. மிளகு முன்பேர வர்த்தகத்துக்காக 1957-ம் ஆண்டு இங்குள்ள யூதர் தெருப் பகுதியில் ஒரு வணிகச் சங்கமே தொடங்கப்பட்டது என்றால், இந்தக் கணக்குகளுக்கு இருந்த மதிப்பைப் புரிந்துகொள்ளலாம்.

மூன்று கணக்குகளும் ஒன்றோடொன்று பொருந்தியாக வேண்டும். போன மாதம் திறந்த கடையில் பத்து ஆண்டுகளுக்கான சரக்கு இருப்பதாகப் பேரேடு காட்டினால், தணிக்கை செய்பவருக்கு மூன்று சந்தேகங்கள் எழும். தராசில் கோளாறா? மிளகோடு பப்பாளி விதை கலந்திருக்கிறதா? அல்லது யாரும் எதிர்பாராத வேகத்தில் சரக்கு உண்மையாகவே வந்து குவிந்ததா?

உலகின் வானியல் விஞ்ஞானிகள் கடந்த சில ஆண்டுகளாக இதே மூன்று கேள்விகளோடுதான் போராடி வருகின்றனர். அவர்கள் தணிக்கை செய்யும் கடை, இப் பிரபஞ்சம். கிடங்குகள், கேலக்ஸி என்று அழைக்கப்படும் நட்சத்திர மண்டலங்கள். சரக்கு, நட்சத்திரங்கள். பிரபஞ்சம் தோன்றி அதிக காலம் ஆகாத நிலையிலேயே சில மண்டலங்களில் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமான நட்சத்திரங்கள் சேர்ந்துவிட்டதாகக் கணக்கு காட்டுகிறது. இந்தத் தணிக்கையில் புணேயும் பெங்களூரும் குறிப்பிடத்தக்க பங்கு வகிக்கின்றன என்பது நாட்டில் பலரும் அறியாத செய்தி.

தூரமே காலம்

பழைய காலத்தை விஞ்ஞானிகள் எப்படிப் பார்க்கிறார்கள்? விடை எளியது. ஒளி நம்மை வந்தடையக் காலம் பிடிக்கிறது. எனவே தொலைவில் உள்ளதைப் பார்ப்பது என்றாலே பழையதைப் பார்ப்பது என்றுதான் பொருள்.

மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டப்பட்ட பரதேசி யூத தேவாலயத்தை அடுத்து ஒரு மணிக்கூண்டு உள்ளது. 1760-ம் ஆண்டில் யூத வணிகர் எசக்கியேல் ரஹபி அதை எழுப்பினார். சித்திரை நட்சத்திரம் நம்மிடமிருந்து ஏறக்குறைய 250 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. இன்றிரவு நம் கண்ணில் படும் சித்திரையின் ஒளி, அந்த மணிக்கூண்டு எழுந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில் புறப்பட்டது. இதே வழியில் இன்னும் வெகுதொலைவு சென்றால், நூறு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய, ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காட்சிகள் கிடைக்கும்.

பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள். பிரபஞ்சம் விரிந்துகொண்டே இருப்பதால், நெடுந்தொலைவிலிருந்து வரும் ஒளி அலைகளும் வழியில் நீண்டுவிடுகின்றன. நீல ஒளி சிவப்பாகவும், சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராகவும் மாறுகிறது. இதைச் "செம்பெயர்ச்சி" என்பர். அலை எத்தனை மடங்கு நீண்டிருக்கிறது என்று அளந்தால், அது புறப்பட்டபோது பிரபஞ்சத்துக்கு என்ன வயது என்பதைக் கணக்கிட்டு விடலாம்.

நீண்டுபோன இந்த ஒளியைப் பிடிப்பதற்கென்றே அமைக்கப்பட்டது ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி. அமெரிக்காவின் நாசா, ஐரோப்பிய விண்வெளி முகமை, கனடா விண்வெளி முகமை ஆகியவை இணைந்து உருவாக்கிய இத் தொலைநோக்கி 2021 டிசம்பர் 25-ல் ஏவப்பட்டது. 6.5 மீட்டர் விட்டமுள்ள ஆடியுடன், பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் இது இயங்கி வருகிறது.

வரவும் இருப்பும்

ஒரு நட்சத்திர மண்டலத்தில் ஆண்டுதோறும் எவ்வளவு வாயு புதிய நட்சத்திரங்களாக மாறுகிறது என்பதே "நட்சத்திர உருவாக்க வீதம்". இது வரவுக் கணக்கு. இதுவரை உருவாகி நிலைத்திருக்கும் நட்சத்திரங்களின் மொத்த எடை இருப்புக் கணக்கு. இரண்டுக்கும் சூரியனின் எடையே அளவுகோல்.

வரவை அளக்க உதவுபவை நீல நிற நட்சத்திரங்கள். சூரியனைப்போலப் பல மடங்கு எடை கொண்ட இவை மிகுந்த வெப்பத்துடன் புற ஊதா ஒளியை வாரி இறைக்கும். ஆனால் ஆயுள் குறைவு; சில பத்து லட்சம் அல்லது சில கோடி ஆண்டுகளில் எரிந்து முடிந்துவிடும். ஆகவே ஓரிடத்தில் நீல நட்சத்திரங்கள் தெரிகின்றன என்றால், அங்கு அண்மையில்தான் நட்சத்திரங்கள் பிறந்துள்ளன என்று பொருள்.

இருப்பை அளக்க உதவுபவை எடை குறைந்த, செந்நிறமான, நெடுங்காலம் வாழும் நட்சத்திரங்கள். சூரியனின் ஆயுளே சுமார் ஆயிரம் கோடி ஆண்டுகள். அதைவிடச் சிறியவை இன்னும் நீண்ட காலம் வாழும். மண்டலத்தின் எடையில் பெரும்பகுதி இவற்றிடம்தான் உள்ளது.

நம் பால்வெளி மண்டலத்தின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். இதில் உள்ள நட்சத்திரங்களின் மொத்த எடை சூரியனைப்போல ஏறத்தாழ 5,000 கோடி மடங்கு. இன்று ஆண்டுக்குச் சுமார் 2 சூரியன்களின் எடையளவுக்கே புதிய நட்சத்திரங்கள் உருவாகின்றன. இதே வேகத்தில் 1,300 கோடி ஆண்டுகள் உற்பத்தி நடந்திருந்தால் 2,600 கோடிதான் சேர்ந்திருக்கும். பாதிக் கணக்கு உதைக்கிறது. எனவே பால்வெளி மண்டலம் தன் இளமையில் இப்போதையதைவிடப் பல மடங்கு வேகமாக நட்சத்திரங்களைப் படைத்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வருகிறோம். இரண்டு பத்திகளை ஒப்பிட்டாலே ஒரு மண்டலத்தின் வரலாறு வெளிப்படுகிறது.

பிரபஞ்சம் முழுவதற்குமான இத்தகைய கணக்கை வானியலாளர்கள் பியெரோ மதாவும் மார்க் டிக்கின்சனும் 2014-ல் தொகுத்தளித்தனர். பிரபஞ்சத்துக்குச் சுமார் 350 கோடி வயதானபோது நட்சத்திர உற்பத்தி உச்சத்தில் இருந்தது. அப்போதிருந்த வேகம் இன்றைய வேகத்தைப்போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு. இன்றுள்ள இருப்பில் சரிபாதி, பிரபஞ்சத்துக்குச் சுமார் 500 கோடி வயதாவதற்குள்ளாகவே உருவாகிவிட்டது. முதல் நூறு கோடி ஆண்டுகளில் உருவானதோ இன்றைய இருப்பில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஜேம்ஸ் வெப் ஏவப்படும் வரை விஞ்ஞானிகள் கையில் இருந்த பேரேடு இதுதான்.

அதிர்ச்சி அளித்த ஆறு புள்ளிகள்

2023 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் ஸ்வின்பர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இவோ லபே தலைமையிலான குழு, "நேச்சர்" ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. பிரபஞ்சத்துக்கு 50 முதல் 70 கோடி ஆண்டுகளே வயதான காலத்தைச் சேர்ந்தவையாகத் தோன்றும் ஆறு மண்டலங்களை ஜேம்ஸ் வெப் படங்களில் கண்டதாக அக் குழு தெரிவித்தது. அவற்றுள் ஒன்றின் நட்சத்திர எடை சூரியனைப்போலச் சுமார் 10,000 கோடி மடங்கு. இது இன்றைய பால்வெளி மண்டலத்தையே விஞ்சும் இருப்பு. இவை "வேட்பாளர்கள்" மட்டுமே, உறுதி செய்யப்பட வேண்டியவை என்று ஆய்வாளர்களே எச்சரித்திருந்தனர். ஆயினும், பிரபஞ்சத் தோற்றக் கொள்கையே தகர்ந்துவிட்டதாக உலகெங்கும் தலைப்புச் செய்திகள் பறந்தன.

பதற்றத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பிரபஞ்சத்தில் உள்ள பருப்பொருளில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே அணுக்களால் ஆனது. எஞ்சியது கண்ணுக்குப் புலப்படாத கரும்பொருள். அந்த ஆறில் ஒரு பங்கிலும் ஐந்தில் ஒரு பாகத்துக்கு மேல் நட்சத்திரமாக மாறுவது அரிது என்பதே அருகிலுள்ள மண்டலங்கள் காட்டும் அனுபவம். லபே குழுவின் எடைகள் சரியெனில், கிடைத்த வாயு முழுவதும் ஏறக்குறைய அப்படியே நட்சத்திரங்களாக மாறியிருக்க வேண்டும். கொடியில் காய்த்த மிளகு ஒன்றுகூட உதிராமல் கிடங்குக்கு வந்து சேர்ந்தது என்பதுபோல் இது இருந்தது.

தராசு சரியா?

தணிக்கையின் முதல் கேள்வி, தராசு பற்றியது. தொலைவிலுள்ள மண்டலத்தை யாரும் நேரடியாக எடை போட முடியாது. பல வண்ணங்களில் அதன் பிரகாசத்தை அளந்து, இத்தனை வயதுள்ள நட்சத்திரங்கள் இத்தனை இருந்தால் இப்படித் தோன்றும் என்ற மாதிரிக் கணக்குகளோடு பொருத்தியே எடை மதிப்பிடப்படுகிறது.

மிளகின் தரத்தை அறிய ஒரு லிட்டர் அளவையில் அள்ளி எடை பார்ப்பது வணிக வழக்கம். ஒரு லிட்டரின் எடையைக் கொண்டு முழுச் சரக்கையும் மதிப்பிடுவர். வானியலிலும் அப்படித்தான். ஒளி வீசும் சில பெரிய நட்சத்திரங்களைப் பார்த்து, கூடவே கண்ணுக்குத் தெரியாத சிறிய நட்சத்திரங்கள் எத்தனை இருக்கும் என்று ஊகிக்கின்றனர். இந்த விகிதத்தை 1955-ல் எட்வின் சால்பீட்டர் நம் அண்டையிலுள்ள நட்சத்திரங்களை ஆராய்ந்து வகுத்தார். பின்வந்தவர்கள் திருத்தினர். ஆனால் ஆதிகாலப் பிரபஞ்சத்திலும் அதே விகிதம்தான் இருந்ததா என்பது இன்னும் முடிவாகாத கேள்வி. அங்கு பெரிய நட்சத்திரங்களே அதிகம் பிறந்திருந்தால், உண்மையான எடை மதிப்பிட்டதைவிடக் குறைவாகவே இருக்கும்.

தூசியும் ஒரு தொல்லை. நீல நட்சத்திரங்களின் ஒளியைத் தூசி விழுங்கிவிடுவதால், இளமையான மண்டலமும் செந்நிறமாக, முதிர்ந்த தோற்றத்துடன் தெரியும். தூரத்தைக் கணிப்பதிலேயே இதனால் ஏமாற்றம் ஏற்பட்டதுண்டு. 2022-ல் கண்டறியப்பட்ட ஒரு மண்டலம், பிரபஞ்சத்துக்குச் சுமார் 25 கோடி வயதானபோது இருந்ததாகக் கருதப்பட்டது. அடுத்த ஆண்டே அதன் ஒளியை நிறமாலையாகப் பிரித்து ஆராய்ந்தபோது, அது சுமார் 120 கோடி வயதுக் காலத்தைச் சேர்ந்தது எனத் தெரியவந்தது.

கலப்படம் இருக்கிறதா?

இரண்டாவது கேள்வி, வந்த ஒளி முழுவதும் நட்சத்திரங்களுடையதுதானா என்பது. ஜேம்ஸ் வெப் படங்களில் ஏராளமான சிறிய, அடர்ந்த செந்நிறப் புள்ளிகள் காணப்பட்டன. "சிறு சிவப்புப் புள்ளிகள்" என்றே அவற்றுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. இவற்றில் பலவற்றின் நடுவே பெரும் கருந்துளைகள் இருப்பதற்கான அறிகுறிகள் நிறமாலையில் தென்பட்டன. கருந்துளைக்குள் விழும் முன் சுழன்று கொதிக்கும் வாயு, கோடிக்கணக்கான நட்சத்திரங்களுக்கு ஈடாக ஒளி வீசும். அதை நட்சத்திர ஒளி என எண்ணி எடை போட்டால், மிளகோடு பப்பாளி விதையையும் சேர்த்து நிறுத்த கதைதான்.

லபே குழுவின் ஆறு வேட்பாளர்களில் ஒன்று இத்தகையதே என்பதும், முதலில் எண்ணியதைவிட அருகில் உள்ளது என்பதும் பின்னர் உறுதியாயிற்று. 2024 ஆகஸ்டில் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்தரின் சுவரோவ்ஸ்கி தலைமையிலான ஆய்வு, இச் சிவப்புப் புள்ளிகளை நீக்கிவிட்டுப் பார்த்தால், எஞ்சிய மண்டலங்களின் எடை இப்போதைய பிரபஞ்சக் கொள்கைக்கு உட்பட்டதே என்று கூறியது. அதே நேரத்தில், எடை மிகுந்த மண்டலங்களின் எண்ணிக்கை எதிர்பார்த்ததைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு உள்ளது என்றும் அந்த ஆய்வு கண்டது. கொள்கை தகரவில்லை, ஆனால் கணக்கும் முழுதாகத் தீரவில்லை.

வரவே அதிகமா?

எனவே மூன்றாவது கேள்வி எஞ்சி நிற்கிறது. ஆதிகாலத்தில் உற்பத்தியே உண்மையில் வேகமாக நடந்ததா? அவ்வாறு நடந்திருக்க வாய்ப்புண்டு. அன்றைய பிரபஞ்சம் சிறியது; வாயு அடர்ந்து கிடந்தது. இன்றைய மண்டலங்களில், பிறந்த பெரிய நட்சத்திரங்கள் காற்றாகவும் வெடிப்பாகவும் வெளியிடும் ஆற்றல், சுற்றியுள்ள வாயுவைச் சிதறடித்து மேற்கொண்டு பிறப்பைத் தடுக்கிறது. ஆனால் அடர்ந்த வாயுவில், இந்தத் தடை உருவாவதற்குள் சில லட்சம் ஆண்டுகளிலேயே பெரும்பகுதி நட்சத்திரமாகிவிடலாம். உற்பத்தி சீராக நடக்காமல், விட்டுவிட்டுப் பெருவேகத்தில் நடந்திருக்கலாம் என்றும் கருதப்படுகிறது. அப்படிப்பட்ட வேகமான கட்டத்தில் இருக்கும் மண்டலங்களே நம் கண்ணில் அதிகம் படும்.

ஆதிகாலச் சான்றுகள் பெருகி வருகின்றன. பிரபஞ்சத்துக்கு 29 கோடி வயதானபோது இருந்த ஒரு மண்டலம் 2024 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு சிலி நாட்டிலுள்ள அல்மா ரேடியோ தொலைநோக்கிகள் அதில் ஆக்சிஜன் இருப்பதைக் கண்டன. ஆக்சிஜன் நட்சத்திரங்களின் உள்ளே சமைக்கப்படுவது. ஆகவே அதற்கு முன்பே ஒரு தலைமுறை நட்சத்திரங்கள் அங்கு பிறந்து மடிந்துள்ளன. 2025-ல் ரோஹன் நாயுடு தலைமையிலான குழு, 28 கோடி வயதுக் காலத்து மண்டலம் ஒன்றை நிறமாலை மூலம் உறுதி செய்தது.

புணே கண்ட அலக்நந்தா

இந்தப் பின்னணியில்தான் 2025 நவம்பரில் புணேயிலிருந்து வந்த செய்தி முக்கியத்துவம் பெறுகிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அங்கமான தேசிய ரேடியோ வான் இயற்பியல் மையத்தைச் சேர்ந்த ஆய்வு மாணவி ராஷி ஜெயினும் பேராசிரியர் யோகேஷ் வடடேக்கரும், பிரபஞ்சத்துக்கு 150 கோடி வயதே ஆன காலத்தைச் சேர்ந்த முழுமையான சுருள் மண்டலம் ஒன்றை ஜேம்ஸ் வெப் படங்களில் கண்டெடுத்தனர். அதற்கு "அலக்நந்தா" என்று பெயரிட்டனர். இமயத்தில் அலக்நந்தாவும் மந்தாகினியும் உடன்பிறந்த நதிகள். இந்தியில் பால்வெளி மண்டலத்துக்கு மந்தாகினி என்று பெயர். பால்வெளியின் சாயலில் உள்ள தொலைதூர மண்டலத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது கடினம்.

இரண்டு சுருள் கரங்கள் சீராக வளைந்து நிற்கும் இதன் குறுக்களவு சுமார் 30,000 ஒளியாண்டுகள். நட்சத்திர எடை சூரியனைப்போல ஆயிரம் கோடி மடங்குக்கு மேல். ஆண்டுக்குச் சுமார் 60 சூரியன்களின் எடைக்கு நட்சத்திரங்கள் உருவாகின்றன. பால்வெளியின் இன்றைய வேகத்தைப்போல இது ஏறத்தாழ 20 மடங்குக்கும் அதிகம். இருப்பை வரவால் வகுத்துப் பார்த்தால், இவ்வளவு நட்சத்திரங்களும் சேர இருபது கோடி ஆண்டுகளையொட்டிய காலமே போதும் என்று தெரிகிறது. அதன் நட்சத்திரங்களில் பாதியளவு சுமார் 20 கோடி ஆண்டுகளில் உருவானவை என்ற ஆய்வாளர்களின் மதிப்பீடும் இதனோடு பொருந்துகிறது. இங்கே வரவும் இருப்பும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. புதிராக இருப்பது வேகம்தான். ஒழுங்கான வட்டும் சுருள் கரங்களும் அமைய நெடுங்காலம் பிடிக்கும், ஆதிகால மண்டலங்கள் கலைந்து குழம்பியே இருக்கும் என்பதே நெடுநாள் நம்பிக்கையாக இருந்தது.

இந்தக் கண்டுபிடிப்புக்கு இயற்கையும் உதவியது. "ஏபெல் 2744" என்ற மண்டலக் கூட்டத்தின் பின்னால் அலக்நந்தா அமைந்துள்ளது. அக் கூட்டத்தின் ஈர்ப்பு, பூதக் கண்ணாடிபோல் செயல்பட்டு அதன் ஒளியைச் சுமார் இரு மடங்காக்கியது. 21 வண்ண வடிகட்டிகள் வழியாகப் பதிவான படங்கள் கிடைத்ததால் தூரத்தையும் எடையையும் துல்லியமாக மதிப்பிட முடிந்தது. நிறமாலை மூலம் அதன் சுழற்சியை அளப்பது அடுத்த படி.

மூலப்பொருள் எங்கே?

நட்சத்திரங்களின் மூலப்பொருள் ஹைட்ரஜன் வாயு. வரவையும் இருப்பையும் ஒளியில் பார்த்துவிடலாம். ஆனால் குளிர்ந்த ஹைட்ரஜன் அணுக்கள் 21 சென்டி மீட்டர் அலைநீளத்தில் மிகப் பலவீனமான ரேடியோ அலையை மட்டுமே வெளியிடுகின்றன. பேரேட்டில் நெடுங்காலம் காலியாகக் கிடந்த பத்தி இதுதான். அதை நிரப்புவதில் இந்தியா முன்னணியில் நிற்கிறது.

1970-ல் உதகையில் மலைச்சரிவை ஒட்டி ரேடியோ தொலைநோக்கியை நிறுவிய பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப், பின்னர் புணே மாவட்டம் கோடாட் கிராமத்தில் மாபெரும் ரேடியோ தொலைநோக்கி வரிசையை உருவாக்கினார். 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்கள் கொண்டது அது. அதன் மேம்படுத்தப்பட்ட கருவிகளைக் கொண்டு ஆதித்ய சௌதரி, நிசிம் கனேகர், ஜெயராம் செங்கலூர் உள்ளிட்ட குழுவினர், சுமார் 800 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய 7,653 மண்டலங்களைச் சுமார் 100 மணி நேரம் கவனித்தனர். தனித்தனியே எந்த மண்டலத்தின் அலையும் கேட்காது. எல்லாவற்றையும் ஒன்றன்மீது ஒன்றாகக் கூட்டியபோது ஹைட்ரஜனின் குரல் தெளிவாகக் கேட்டது. சிறு துளி பெருவெள்ளம் என்பதற்கு விஞ்ஞான எடுத்துக்காட்டு இது.

கிடைத்த விடை எளிமையானது, ஆனால் ஆழமானது. அம் மண்டலங்களில் வாயு மிகுதியாகவே இருந்தது. ஆனால் அவை நட்சத்திரங்களைப் படைத்த வேகத்தில், கையிருப்பு வாயு 100 முதல் 200 கோடி ஆண்டுகளுக்கே தாங்கும். புதிய வாயு போதிய அளவு வந்து சேராவிடில் உற்பத்தி சரிந்தே தீரும். உச்சத்தை எட்டிய நட்சத்திரப் பிறப்பு ஏன் வீழ்ந்தது என்ற கேள்விக்கு மூலப்பொருள் கணக்கிலிருந்து கிடைத்த நேரடி விடை இது. 2020 அக்டோபர் 14-ல் "நேச்சர்" இதழில் இக் கட்டுரை வெளியானது. அதற்கு ஐந்து வாரங்களுக்கு முன்புதான், செப்டம்பர் 7-ல் ஸ்வரூப் மறைந்திருந்தார்.

ஏரியில் மிதந்த கருவி

இன்னும் பின்னோக்கிச் சென்று, முதல் நட்சத்திரங்கள் ஒளிவிடத் தொடங்கிய காலத்தின் ஹைட்ரஜனைக் கேட்க முயன்றவர்கள் பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தினர். பிரபஞ்சத்துக்குச் சுமார் 18 கோடி வயதான காலத்தின் ஹைட்ரஜன் குறிப்பைக் கேட்டதாக அமெரிக்கக் குழு ஒன்று 2018-ல் அறிவித்திருந்தது. அக் குறிப்பின் அளவு எதிர்பார்த்ததைவிட மிகப் பெரிதாக இருந்ததால், புதிய இயற்பியலே தேவைப்படலாம் என்று பேசப்பட்டது.

இதைச் சரிபார்க்க "சரஸ்-3" என்ற கருவியைப் பெங்களூர் குழுவினர் வடிவமைத்தனர். நிலத்தில் வைத்தால் அடியிலுள்ள மண்ணடுக்குகள் அளவைக் குழப்பும். நீர்ப்பரப்பு ஒரே சீரானது. எனவே 2020 தொடக்கத்தில் கர்நாடகத்தின் தண்டிகானஹள்ளி ஏரியிலும் சராவதி ஆற்றின் தேங்குநீரிலும் கருவியை மிதவையில் வைத்து அளந்தனர். அமெரிக்கக் குழு கூறிய வடிவில் எந்தக் குறிப்பும் கேட்கவில்லை. 95 சதவீதத்துக்கு மேற்பட்ட உறுதியுடன் அந்தக் கூற்றை மறுக்கும் கட்டுரை 2022-ல் "நேச்சர் அஸ்ட்ரானமி" இதழில் வெளியானது. அதே ஆண்டு இறுதியில், குறிப்பு கேட்காததையே சான்றாகக் கொண்டு, சுமார் 20 கோடி வயதுக் காலத்து மண்டலங்கள் தம்மிடமிருந்த வாயுவில் அதிகபட்சம் 3 சதவீதம் அளவுக்கே நட்சத்திரமாக்கியிருக்கும் என்ற வரம்பும் வகுக்கப்பட்டது. வரவு கண்மூடித்தனமாக இருந்திருக்கலாம் என்று சொல்பவர்கள் இந்த வரம்பையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கொச்சிக்கு என்ன தொடர்பு?

வானத்துக்குக் கணக்கு எழுதுவது இந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல. 14-ம் நூற்றாண்டில் சங்கமகிராமத்து மாதவனிடம் தொடங்கிய கேரள வானியல், கணிதப் பரம்பரையின் முக்கிய நூலான "யுக்தி பாஷா", மலையாள உரைநடையில் எழுதப்பட்டது. அதன் கணிதப் பகுதியைக் கொச்சி அரச குடும்பத்தைச் சேர்ந்த ராமவர்மா தம்புரானும் அகிலேஸ்வர ஐயரும் பதிப்பித்து 1948-ல் வெளியிட்டனர். 2014 டிசம்பரில் தொடங்கிய கொச்சி - முசிறிஸ் கலை விழாவை நெறிப்படுத்திய ஓவியர் ஜிதிஷ் கல்லாட், இதே பரம்பரையையும் கடல்வழிப் பயண யுகத்தையும் அதன் கருப்பொருளாக்கினார்.

இன்று களமசேரியில் உள்ள கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில், புணேயின் "ஐயுகா" வானியல் மையத்துடன் இணைந்த ஆய்வு வசதி ஏற்படுத்தப்பட்டுள்ளது. ஜேம்ஸ் வெப்பின் பதிவுகளில் ஒரு பகுதி உடனடியாகவும், மற்றவை பெரும்பாலும் ஓராண்டுக்குள்ளும் உலகுக்குப் பொதுவாகின்றன. அலக்நந்தாவைக் கண்டதும் இத்தகைய பொதுப் பதிவுகளில்தான். கணினியும் இணைய இணைப்பும் வழிகாட்ட ஓர் ஆசிரியரும் இருந்தால், கொச்சியிலோ கோவையிலோ உள்ள மாணவருக்கும் அதே வாய்ப்பு உண்டு.

தில்லி செய்ய வேண்டியது

ஆனால் பிறர் எடுத்த படங்களை நம்பியே நெடுந்தூரம் செல்ல முடியாது. காவலூரில் உள்ள வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி விட்டம் 2.3 மீட்டர். 2016-ல் உத்தரகண்ட் மாநிலம் தேவஸ்தலில் தொடங்கிவைக்கப்பட்ட தொலைநோக்கியின் ஆடி 3.6 மீட்டர். ஆதிகால மண்டலங்களின் நிறமாலையைப் பதிவு செய்ய இவை போதா. 30 மீட்டர் ஆடி கொண்ட பன்னாட்டுத் தொலைநோக்கித் திட்டத்தில் சேர 2014-ல் மத்திய அமைச்சரவை சுமார் 1,300 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. ஹவாய் தீவின் மௌனா கியா மலையைப் புனிதமாகப் போற்றும் உள்ளூர் மக்களின் போராட்டத்தால் 2015-லும் 2019-லும் கட்டுமானம் நின்றது. திட்டமிட்ட காலம் கடந்துவிட்டது.

ரேடியோ துறையில் நம்பிக்கை கூடுதல். ஆஸ்திரேலியாவிலும் தென் ஆப்பிரிக்காவிலும் அமைக்கப்படும் "ஸ்கொயர் கிலோமீட்டர் அரே" திட்டத்துக்கு 1,250 கோடி ரூபாய் பங்களிக்க மத்திய அரசு ஒப்புதல் அளித்துள்ளதாக 2024 ஜனவரியில் தகவல் வெளியானது. அதன் இயக்கக் கட்டுப்பாட்டு மென்பொருளில் புணே மையத்தின் பங்கு பெரிது. 7,653 மண்டலங்களைக் கூட்டிக் கேட்க வேண்டியிருந்த ஹைட்ரஜனின் குரலை, இனி தொலைதூரத் தனி மண்டலங்களிலும் கேட்கும் வாய்ப்பு இதனால் உருவாகும்.

ஆதிகால மண்டலங்களின் இருப்பைப் பார்த்துக் கொள்கை தகர்ந்தது என்று 2023-ல் எழுந்த கூச்சல், ஒரே ஒரு பத்தியை மட்டும் படித்ததால் வந்தது. கலப்படம் நீங்கி, தராசு திருந்தி, மூலப்பொருளும் அளக்கப்பட்ட பின்னரும் எஞ்சும் வித்தியாசம் எவ்வளவோ, அதுவே இயற்கை நமக்குச் சொல்ல வரும் புதிய செய்தி. அதைப் படிக்கும் கருவிகளும் ஆட்களும் இந்தியப் பல்கலைக்கழகங்களில் இருக்க வேண்டுமானால், இப்போது தொடங்கியுள்ள முதலீடு ஆண்டுதோறும் தடையின்றித் தொடர்வதும், கல்லூரி மாணவர்களுக்கு இந்தப் பதிவுகளைக் கையாளும் பயிற்சி அளிப்பதும் அவசியம்.